கடலூர்–புதுச்சேரியில் புதுநாடக விழா: யார் யார் வேண்டும்?

கெடிலக்கரை:

நண்பர்களே, யோசனை கேட்கத்தான் இந்த இழை. கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் நாடகம் எழுதுகிற இளவட்டங்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். எழுதியதை என்ன செய்வதென்று தெரியாமல் கைபேசியில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். இவர்களுக்காக மாசி மாதத்தில் மூன்று நாள் விழா நடத்தலாமா என்று நாங்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். நிபந்தனை ஒன்றுதான். இதுவரை மேடையேறாத, தமிழிலேயே எழுதிய புதுப் பிரதியாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு, தழுவல், சிறுகதையை நாடகமாக்கியது எதுவும் வேண்டாம்.

முதல் கூட்டத்திலேயே ஆட்களைப் பற்றித்தான் தகராறு. நண்பர் ஒருவர் மாதிரி நோட்டீஸ் ஒன்றை அடித்தே கொண்டுவந்துவிட்டார். தலைவர், செயல் தலைவர், துணைத் தலைவர்கள், புரவலர்கள், ஆலோசகர்கள், வரவேற்புக் குழு என்று பக்கம் நிறையப் பெயர்கள். வரப்போகிற நாடகங்களைப் படிப்பது யார் என்று கேட்டேன். அப்படி ஒரு வரியே அதில் இல்லை.

விழா நடத்தியவர்கள், விழாவில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள். உண்மையில் யார் யார் வேண்டும்?

உப்பளத்தான்:

தம்பி, நோட்டீஸ்காரரை ரொம்பவும் கிண்டல் பண்ணாதீர்கள். மேடையில் உட்காருகிறவர் இல்லாமல் இந்த ஊரில் ஒரு நாற்காலிகூட நகராது. ஹால் வாடகையைக் குறைத்துக் கேட்க ஒருத்தர் வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கிற கடிதத்தை வாங்க வைக்க ஒருத்தர் வேண்டும். விடுதிக்காரரிடம் பேசி வெளியூர் ஆட்களுக்கு நாலு அறை வாங்கித் தர ஒருத்தர் வேண்டும். இவர்களுக்கெல்லாம் நாம் பதிலுக்குச் செய்யக்கூடியது ஒரு பொன்னாடை, நோட்டீஸில் பெயர். அதையும் கொடுக்க மாட்டோம் என்றால் எப்படி?

என் கட்சி இதுதான்: பெயரைப் போடுங்கள், மைக்கைக் கொடுக்காதீர்கள். தொடக்க விழாவை முதல் நாள் காலையிலேயே அரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். மாலையில் வைத்தீர்களானால் ஏழு மணி நாடகம் ஒன்பதுக்குத்தான் தொடங்கும். அப்புறம் பஸ்ஸைப் பிடிக்கப் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும். எழுதியவனின் முதல் நாடகத்தை மிச்சப் பாதி தூங்கிக்கொண்டே பார்க்கும்.

ஒத்திகைக்காரி:

அண்ணன் சொல்வது மற்ற விழாக்களுக்குச் சரி. அங்கே வரும் நாடகம் ஏற்கெனவே நாலு மேடை பார்த்தது. கூப்பிட்டு, சோறு போட்டு, விளக்குப் போட்டுக் கொடுத்தால் போதும். இங்கே வரப்போவது நாற்பது பக்கத் தாள். அது நாடகமா இல்லையா என்று எழுதியவருக்கே தெரியாது. ஆகவே விழா மூன்று நாள் என்றாலும் வேலை ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடும்.

முதலில் பிடிக்க வேண்டியது படிக்கிறவர்களை. ஒவ்வொரு பிரதியையும் பெயரை மறைத்து இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். படித்தவர் அரைப் பக்கமாவது எழுதித் தர வேண்டும், தேர்வாகாத பிரதிக்கும்தான். 'தங்கள் படைப்பு தேர்வு பெறவில்லை' என்று ஒற்றை வரி போனால் அந்தப் பிள்ளை அடுத்த வருடம் அனுப்பாது. இந்த வேலைக்குப் பேராசிரியர்கள் மட்டும் போதாது. மேடையில் நின்று வசனம் பேசிப் பழகிய ஒரு நடிகரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பேச முடியாத வரி எது என்று அவருக்குப் படிக்கும்போதே நாக்கில் தட்டும்.

அடுத்து, தேர்வான ஒவ்வொரு பிரதியோடும் கடைசிவரை கூட இருக்க ஒருவர். அவர் இயக்குநர் இல்லை. இயக்குநர் எழுத்தாளரைத் தாண்டிப் போகும்போது 'கொஞ்சம் இருங்க' என்கிறவர். எழுத்தாளர் ஒரு வரியைக்கூட விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது அவரை வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுக்கிறவரும் அவர்தான்.

அமெரிக்காவில் யூஜின் ஓ'நீல் என்ற நாடக ஆசிரியர் பெயரில் ஜார்ஜ் ஒயிட் 1964-ல் தொடங்கிய நாடக மையம் ஒன்று உண்டு. அதன் நாடக ஆசிரியர் மாநாட்டை 1968 முதல் 1999 வரை நடத்தியவர் லாயிட் ரிச்சர்ட்ஸ். ஆகஸ்ட் வில்சன் என்ற நாடக ஆசிரியர் பலமுறை பிரதி அனுப்பி, பலமுறை திரும்பி வந்து, 1982-ல்தான் ஒரு நாடகத்தோடு அங்கே உள்ளே நுழைந்தார். அந்த நாடகத்தை 1984-ல் ரிச்சர்ட்ஸே இயக்கி நியூயார்க்கின் பிராட்வே மேடை வரை கொண்டுபோனார். வில்சனுக்குப் பின்னாளில் இரண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது வேறு கதை. திருப்பி அனுப்பினாலும் மறுபடி அனுப்பலாம் என்று ஒருவருக்குத் தோன்றுகிற மாதிரி அந்த இடம் இருந்திருக்கிறது பாருங்கள், அதைத்தான் நான் கவனிக்கிறேன். அங்கே பெரிய செட் எல்லாம் கிடையாது. கையில் பிரதியோடு நடிப்பார்கள். விளக்கும் உடையும் மறைக்காததால் எழுத்தில் எங்கே ஓட்டை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஓ.டி.க்காரன்:

இதற்கு அமெரிக்கா போவானேன்? கருவடிக்குப்பம் போனால் போதும். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் நம் புதுச்சேரியில்தான் காலமானார். சமாதி அங்கேதான் இருக்கிறது. மாலை போடுகிறோம், அவர் எழுதிய நாடகங்களைப் பட்டியல் போடுகிறோம். ஆனால் அவர் எழுதியதோடு நிற்கவில்லை. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று பையன்கள் கம்பெனி வைத்து, வாத்தியாராக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். ஒத்திகைக்காரி சொல்லும் 'கூட இருப்பவர்' நம் பக்கம் வாத்தியாராக இருந்திருக்கிறார். அந்த சபையில் வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள்தான் 1944-ல் ஈரோட்டில் நாடகத்துக்கென்றே மாநாடு கூட்டினார்கள்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்கும் சுவாமிகள் பெயர்தான். அதைத் தொடங்கி நடத்த இந்திரா பார்த்தசாரதியைக் கூப்பிட்டார்கள். நாடகம் எழுதுகிற ஒருவரைத் தலைமையில் உட்கார வைத்தது அந்தக் காலத்தில் நல்ல முடிவு என்பேன். உங்கள் குழுவின் தலைமை இருக்கையில் எழுதுகிறவர் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

பணம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1984-ல் சங்கீத நாடக அகாதெமி இளம் நாடகக்காரர்களுக்கு உதவித் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. மண்டல விழா, அங்கே தேறினால் தில்லி. சுமார் பத்து வருடம் ஓடியது. தமிழ்நாட்டிலும் பல குழுக்கள் அதில் நாடகம் போட்டன. ஆனால் அந்தத் திட்டம் இயக்குநரை மையமாக வைத்தது. நாடகத்தில் நாட்டார் கலை தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்தது. அதனால் மேடையில் அடவும் சிலம்பமும் நிறையப் பார்த்தோம், எழுத்து இளைத்துப் போயிற்று. கொடுக்கிறவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வெத்தலைப்பாக்கு:

அடவு பார்த்து அலுத்துப்போன ஓ.டி. அண்ணனுக்கு என் கும்பிடு. நான் கூத்து ஜமாவில், அதாவது கூத்தாடும் குழுவில் பிறந்தவன். தப்பாக நினைக்காதீர்கள், அந்தக் காலத்து மேடைகளில் எங்கள் அடவை எடுத்துக்கொண்டார்கள், எங்களைக் கூப்பிடவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இப்போது கெடிலக்கரைக்கு ஒரு கேள்வி. 'எழுதிய பிரதி' என்றால் தட்டச்சுத் தாள்தானா? எங்கள் வாத்தியார் புதுசாக ஒரு நாடகம் கட்டினால் நோட்டில் பாட்டும் விருத்தமும்தான் இருக்கும். வசனத்தின் பெரும்பகுதி ஆட்டக்காரன் வாயில். கூத்தில் வேடிக்கை பேசுகிற கட்டியங்காரன் பேச்சுக்கு நோட்டே கிடையாது, அன்றைக்கு ஊரில் என்ன நடந்ததோ அதுதான். உங்கள் விதிப்படி நாங்கள் எதை அனுப்புவது? புது நாடகம் எங்கள் பக்கத்தில் பிறக்கவே இல்லையா?

தேதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாசி சரி. பங்குனியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கத் தொடங்கிவிட்டால் ஆடி வரைக்கும் எங்கள் ஆட்களுக்கு ராத்திரி ஓய்வு கிடையாது. தையில் வைத்தால் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்குக் கடலூரில் உங்கள் நாடகத்துக்கு உங்கள் வீட்டுக்காரர்கள்கூட வர மாட்டார்கள்.

கெடிலக்கரை:

வெத்தலைப்பாக்கு அண்ணே, இது நாங்கள் யோசிக்காத விஷயம். ஒலிப்பதிவாக அனுப்பலாம் என்று விதியை மாற்றினால் சரிவருமா?

வெத்தலைப்பாக்கு:

பாதி சரிவரும். பதிவைக் கேட்டுத் தேர்வு செய்யக் கூத்துத் தெரிந்த காது வேண்டும். படிக்கிற குழுவில் எங்கள் ஆள் ஒருத்தரைப் போடுங்கள். 'ஆலோசகர்' என்று நோட்டீஸில் போட்டுவிட்டு ஓரமாக உட்கார வைக்கிற வேலை வேண்டாம். அப்புறம் இன்னொன்று. சிறப்பு விருந்தினருக்குக் கார் அனுப்புவீர்கள், ஜமாவுக்கு 'நீங்களே வந்துடுங்க' என்பீர்கள். வெத்தலைப் பாக்கு வைத்து முன்பணம் கொடுத்துக் கூப்பிடுகிற முறை எங்களுக்கு உண்டு. தொகை சின்னதானாலும் பரவாயில்லை, முறையாகக் கூப்பிடுங்கள்.

முதல்_பிரதி:

நான் எழுதுகிற ஆள். வயது இருபத்து மூன்று. யாருமே எங்களைக் கேட்காததால் நானே சொல்கிறேன்.

போன வருடம் ஓர் அமைப்பின் வாசிப்பு நிகழ்ச்சியில் என் நாடகத்தைப் படித்தார்கள். நாலு நடிகர்கள், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் பாட்டில். இரண்டாவது காட்சியில் அம்மா பாத்திரத்துக்கு ஒரு நீள வசனம் எழுதியிருந்தேன். படித்த அக்கா ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கினார். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார், அதே 'ஆகையினால்' என்ற இடத்தில் நிற்பார். நான் பென்சிலை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டுத் தாளை நீட்டினேன். அடுத்த தடவை அவர் அந்த இடத்தில் பேசாமல் என்னையே பார்த்தார், பிறகு மீதியைச் சொன்னார். நாடகம் எழுதுவது இதுதானா என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. வீட்டில் தனியாக உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

வாசிப்பு முடிந்ததும் கலந்துரையாடல் என்றார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மைக்கை வாங்கினார். என் நாடகத்தில் என்ன இருந்திருக்க வேண்டும், அவர் இளமையில் என்னென்ன நாடகம் பார்த்தார், இன்றைய பிள்ளைகளுக்கு ஏன் தமிழ் வரவில்லை என்று பேசிக்கொண்டே போனார். அடுத்தவர் எழுந்து அவருக்குப் பதில் சொன்னார். இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். நடத்தியவர் நன்றியுரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்த நாடகத்தை அதற்குப் பிறகு திறக்கவில்லை.

எங்களுக்கு மைக்கைத் திரும்ப வாங்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நுழைவுப் படிவத்தில் 'தேர்வாகும் பிரதியின் உரிமை விழாக் குழுவுக்கு' என்று எழுதியிருந்தார்கள். அது சரியா?

ஒத்திகைக்காரி:

தங்கச்சி, உரிமை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதியவருக்குத்தான் உரிமை. நீ சம்பளத்துக்கு எழுதவில்லை, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும் இல்லை என்றால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது உன்னுடையது. உன் காலத்துக்குப் பிறகும் அறுபது வருடம். விழா கேட்கலாம் என்றால் முதல் மேடையேற்றத்துக்கான அனுமதியை மட்டும் கேட்கலாம், அதற்கும் காலக்கெடு போட வேண்டும். கெடிலக்கரை, உங்கள் படிவத்தில் அந்தப் பழைய வரி வந்துவிட வேண்டாம். கூத்துப் பதிவுகளுக்கும் இதே கதைதான், பதிவு செய்தவருக்கு நாடகம் சொந்தமாகிவிடாது.

கலந்துரையாடலுக்கு லிஸ் லெர்மன் என்ற நடன அமைப்பாளர் 1990 வாக்கில் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. பார்த்தவர்கள் முதலில் தங்களைத் தொட்டது எது என்று மட்டும் சொல்வார்கள். அப்புறம் படைத்தவர் தனக்கு வேண்டிய கேள்வியைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தங்கள் தீர்ப்பை ஒளித்து வைக்கக் கூடாது. 'ஏன் முடிவு இவ்வளவு சப்பென்று இருக்கிறது?' என்பது கேள்வி இல்லை. கடைசியில்தான் கருத்து. அதுவும் 'உங்கள் முடிவைப் பற்றி எனக்கொரு கருத்து உண்டு, சொல்லட்டுமா?' என்று அனுமதி கேட்டுத்தான். வேண்டாம் என்று சொல்ல எழுத்தாளருக்கு உரிமை உண்டு.

இதைத் தாளில் எழுதி ஒட்டினால் நடக்காது. நடத்துபவர் வேண்டும். என் அனுபவத்தில் இதற்குத் தோதானவர்கள் பள்ளிக்கூட டீச்சர்கள். நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகியவருக்கு முன்வரிசைப் பெரியவர் ஒரு பொருட்டே இல்லை.

உப்பளத்தான்:

அந்த முன்வரிசைப் பெரியவர்தான் நாளைக்கு ஐயாயிரம் ரூபாய் நன்கொடை தரப் போகிறவர் என்பதையும் நினைவில் வையுங்கள். சும்மா சொன்னேன். டீச்சர் யோசனை நல்ல யோசனை.

ரசீதுபுத்தகம்:

நன்கொடை என்று பேச்சு வந்ததால் நுழைகிறேன். சின்ன அறக்கட்டளை ஒன்றின் கணக்கு பார்ப்பவன்.

எல்லோரும் '80ஜி இருக்கிறதா', அதாவது நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரி விலக்கு உண்டா என்று கேட்பார்கள். உங்களிடம் பதிவு இல்லையென்றால் பதிவுள்ள பழைய அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்து நடத்துங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த விலக்கு கிடையாது, வங்கி வழியாகத்தான் வர வேண்டும். புது வரி முறைக்கு மாறிவிட்ட சம்பளக்காரருக்கு அந்த விலக்கே இல்லை. ஆகவே வரி மிச்சம் என்று சொல்லிப் பணம் கேட்கிற காலம் போய்க்கொண்டிருக்கிறது. நாடகத்துக்காகக் கேளுங்கள்.

சிப்காட், நெய்வேலி என்று கம்பெனிகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், முதல் வருடத்திலாவது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் சமூகப் பொறுப்பு நிதியைக் கலை, பண்பாட்டுக்கும் செலவிடலாம் என்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் வாங்குகிற அமைப்பு அதற்கென்று தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும், மூன்று வருட வேலையையும் காட்ட வேண்டும். நேற்றுப் பிறந்த குழுவுக்கு நேராக வராது.

ஒரே புரவலரை நம்புவதும் ஆபத்து. அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் 1976-ல் தொடங்கிய புதுநாடக விழா ஒன்று, ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் அறக்கட்டளை ஆதரவில் அதன் பெயரிலேயே பல வருடம் உலகப் புகழோடு நடந்தது. கொரோனாவுக்குப் பிறகு அந்த விழா நின்றேபோயிற்று. என்னைக் கேட்டால் ஐநூறு ரூபாய் கொடுக்கும் இருநூறு பேர் பாதுகாப்பு. வருடா வருடம் ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், அதற்குக் கூச்சமில்லாத ஒருவர் வேண்டும். எழுத்தாளர்களை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள், பாதியில் கவிதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

செலவில் ஒரு வரி கண்டிப்பாக இருக்கட்டும்: படிக்கிறவர்களுக்கும் வாசிப்பு நடிகர்களுக்கும் பணம். பந்தலுக்குப் பேரம் பேசாமல் கொடுப்பார்கள், பிரதி படித்தவருக்கு நினைவுப் பரிசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நான் பார்த்த கணக்குகளில் இது மாறவே இல்லை.

மைக்செட்:

ஒலி, ஒளி வேலை பார்ப்பவன். வாசிப்புதானே, விளக்கு எதற்கு என்பார்கள். நடிகர் தாளைப் பார்க்க வேண்டாமா? தலைக்கு மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் தாளில் அவர் தலை நிழல்தான் விழும். சாய்வாக இரண்டு விளக்கு போதும். மின்சாரம் போனால் யார் எங்கே ஓட வேண்டும் என்று முந்தின நாளே ஹால் வாட்ச்மேனிடம் பேசி வையுங்கள். அவர் பெயர் தெரியாத குழுவுக்கு ஜெனரேட்டர் அறைச் சாவி கிடைக்காது.

ஸ்டேஷன் கடிதம் பற்றி ஒன்று. பிரதியைக் கொண்டுவா, படித்துவிட்டுத்தான் அனுமதி என்று இன்னும் சில இடங்களில் கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013-லேயே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர் நாடகக்காரர் பரீக்‌ஷா ஞாநி. வெள்ளைக்காரன் காலத்து 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2018-ல் நீக்கிவிட்டார்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும், திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு நிறுத்த வேண்டும், அது வேறு விஷயம். இதைச் சண்டை போடாமல் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒரு வக்கீல் நண்பர் குழுவில் இருந்தால் நல்லது.

ஓ.டி.க்காரன்:

தலைமை பற்றி ஒரே ஒரு விஷயம். ஆரோவில் பக்கம் இருக்கும் ஆதிசக்தி நாடகக் குழுவைத் தொடங்கிய வீணாபாணி சாவ்லா 2014 நவம்பரில் மறைந்தார். ஒரு ஆளை நம்பியிருந்த இடம், இனி அவ்வளவுதான் என்று நினைத்தவர்கள் உண்டு. கூடவே இருந்து கற்ற வினய் குமாரும் நிம்மி ரஃபேலும் மற்றவர்களும் எடுத்து நடத்துகிறார்கள், அவர் நினைவாக விழாவும் வைக்கிறார்கள். விளக்குத் தூக்கியவரும் நடித்தவரும் டிக்கெட் கிழித்தவரும் அங்கே ஒரே ஆட்கள். நம் ஊர் விழாக்களில் தலைவர் ஒரு உலகம், தொண்டர் வேறு உலகம். தலைவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த வருடம் விழா இல்லை.

அதனால் கெடிலக்கரை, தலைவரைத் தேடும்போதே முதல்_பிரதி மாதிரி ஒருவரை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். கணக்கு முதல் கடிதம் வரை எல்லாம் அவர் கண்ணில் படட்டும்.

முதல்_பிரதி:

என்னைக் கோத்துவிட்டீர்களே சார்! எழுத நேரம் வேண்டும். ஆனால் பிரதி படிக்கும் குழுவில் வருகிறேன். தேர்வாகாதவர்களுக்கான அரைப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

உப்பளத்தான்:

பாருங்கள், நோட்டீஸில் இல்லாத முதல் ஆள் கிடைத்துவிட்டார்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு மூன்று முடிவுகள். உரிமை வரியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஒலிப்பதிவாகவும் அனுப்பலாம், தேர்வுக் குழுவில் கூத்து வாத்தியார் ஒருவர் இருப்பார், அவரை முறையாகப் போய்க் கூப்பிடுகிறோம். தொடக்க விழா காலையில்தான். தலைவர் பெயர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை, நோட்டீஸ் நண்பர் கோபத்தில் இருக்கிறார்.

அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு மாலை நாலு மணி, மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம். டீச்சர் யாராவது தெரிந்தால் கூட்டி வாருங்கள்.

வெத்தலைப்பாக்கு:

ஞாயிறு பெரிய முகூர்த்தம். பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. சனிக்கிழமைக்கு மாற்றினால் வாத்தியாரையும் கேட்டுப் பார்க்கிறேன்.

கெடிலக்கரை:

சரி அண்ணே, சனிக்கிழமை. அதே நேரம்.